அசையிரைப்பையும் ஆய்வுகூடக் குடுவையும்: செம்மறியாட்டின் மெதேன் அளவீடுகளை வாசிக்கும் முறை

முன்னுரை

புல்லை மட்டும் தின்று மனிதன் உயிர்வாழ முடியாது, செம்மறியாடு உயிர்வாழ்கிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஆட்டின் பல்லோ அதன் குடல் சுரக்கும் நொதியமோ அன்று. செலுலோசை உடைக்கும் நொதியம் ஆட்டின் உடலிலும் சுரப்பதில்லை. அதன் வயிற்றின் முதலறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. அவ்வேலையின் பக்கவிளைவாகத் தோன்றுவதுதான் மெதேன் வாயு. நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல ஏறக்குறைய 27 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆகவே கால்நடைகளின் வயிறு இன்று உலக நாடுகளின் காலநிலைக் கணக்கேடுகளில் இடம்பெறும் பொருளாகிவிட்டது.

மல்கிரேவைச் சூழ்ந்த தென்கிழக்கு மெல்பேர்ண் ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலமும் காய்கறித் தோட்டமுமாக விளங்கிய பகுதி. இன்று அதன் அயலில், கிளேற்றனில், மொனாஷ் பல்கலைக்கழகமும் அவுஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமாகிய சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வுகூடங்களும் அமைந்துள்ளன. கிழக்கே கிப்ஸ்லாந்துப் பகுதியில் எலின்பாங்க் பால்வள ஆய்வு நிலையம் பசுக்களின் மெதேனை அளந்து வருகிறது. கால்நடை மெதேன் பற்றிய செய்திகள் இப்பகுதித் தமிழர்க்கு அன்றாடம் எட்டுபவை. "இத்தீவனம் மெதேனை 30 விழுக்காடு குறைக்கும்", "இக்கடற்பாசி முற்றாக அகற்றும்" என்னும் வகையிலான வாக்கியங்கள் தமிழ் ஏடுகளிலும் இடம்பெறுகின்றன. அந்த எண் எதை அளந்து பெற்ற எண் என்பது மட்டும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

அந்த எண்ணை வாசிக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மெதேன் எவ்வளவு குறைந்தது என்ற கேள்வியை, மெதேனாக மாறியிருக்க வேண்டிய ஐதரசன் எங்கே போயிற்று என்ற கேள்வியோடு சேர்த்தே கேட்கவேண்டும் என்பது இதன் மையக் கருத்து.

1. சொல்லின் பக்கம்

ஆட்டின் புறத்தைப் பற்றித் தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைத் தருகிறது. குட்டியை மறி என்கிறது. ஆட்டின் உள்ளே நிகழ்வதைச் சொல்லும்போதுதான் வழக்குகள் பிரிகின்றன. விழுங்கிய உணவை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லுதலைத் தமிழ்நாட்டார் அசைபோடுதல் என்பர். இலங்கையில் இரைமீட்டல் என்பது பெருவழக்கு. பழைய நினைவுகளைத் தமிழ்நாட்டவர் அசைபோடுகின்றனர், இலங்கையர் இரைமீட்கின்றனர். இரு வழக்கும் ஒரே விலங்கின் ஒரே செயலிலிருந்து எழுந்தவை.

அச்செயலின் இருப்பிடமாகிய முதலறையைத் தமிழ்நாட்டுக் கால்நடை நூல்கள் அசையூண் வயிறு என்றும் ரூமன் என்றும் எழுதும். இக்கட்டுரை அதனை அசையிரைப்பை என வழங்குகிறது. வேதிப் பெயர்களில் இலங்கை வழக்கே இங்குக் கைக்கொள்ளப்பட்டுள்ளது. தமிழ்நாட்டு வாசகர் ஐதரசனை ஹைட்ரஜன் என்றும், காபனீரொட்சைட்டைக் கரியமிலவாயு என்றும், மெதேனை மீத்தேன் என்றும் கொள்க. மீத்தேன் என்ற சொல் தமிழ்நாட்டில் காவிரிப் படுகையின் நிலக்கரிப்படுகை எரிவாயுத் திட்டத்தையும் அதற்கு எதிரான உழவர் போராட்டங்களையுமே முதலில் நினைவூட்டும். வாயு ஒன்றே, பிறப்பிடம் வேறு. படுகைக்கு அடியில் இருப்பது நெடுங்காலமாக நிலத்துள் அடைபட்டுக் கிடந்த காபன். ஆடு வெளிவிடுவது அண்மையில் புல் காற்றிலிருந்து எடுத்த காபன். ஆயினும் வளிமண்டலத்தில் தங்கும் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டும் ஒரே அளவில் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன.

2. நான்கு அறைகளும் அவற்றின் குடிகளும்

செம்மறியாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதலாவது அசையிரைப்பை, இரண்டாவது தேன்கூடு போன்ற உட்சுவர் கொண்டது, மூன்றாவது புத்தக ஏடுகள் போல் மடிந்தது, நான்காவதே நம் இரைப்பையைப் போல் அமிலம் சுரப்பது. முதலறையே மிகப் பெரிது. அதன் வெப்பநிலை 39 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும். ஒட்சிசன் ஏறத்தாழ இல்லை. ஆடு நாள்தோறும் பல இலீற்றர் உமிழ்நீரை விழுங்குகிறது; அதிலுள்ள இருகாபனேற்றும் பொசுபேற்றும் உள்ளே உண்டாகும் அமிலத்தை ஈடுசெய்து, அமிலத்தன்மை எல்லை மீறாமல் காக்கின்றன.

இவ்வறையின் நீர்மம் ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம் கோடி அளவில் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு பல்லாயிரம் முதல் பத்து இலட்சம் வரையான புரோட்டோசோவாக்கள் நீந்துகின்றன. பாரிசில் குருபியும் டெலபோனும் 1843 ஆம் ஆண்டிலேயே இப்புரோட்டோசோவாக்களைக் கண்டு எழுதினர். ஒட்சிசனின்றி வாழும் பூஞ்சைகளும் இங்கு உண்டு. அவற்றின் நீந்தும் வித்திகளை நெடுங்காலம் புரோட்டோசோவா என்றே கருதிவந்தனர். அவை பூஞ்சையினம் என்பதை 1975 இல் கொலின் ஓர்பின் காட்டினார். மெதேனை ஆக்குபவை இவற்றுள் எவையும் அல்ல. அது ஆர்க்கியா என்னும் தனி உயிர்ப்பிரிவின் வேலை. அவை புல்லைத் தின்பதில்லை. பிறர் விட்ட ஐதரசனைத் தின்று வாழ்பவை. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் முழுக் கதையும் அடங்கியுள்ளது.

3. ஐதரசனின் வரவும் செலவும்

செலுலோசும் மாப்பொருளும் முதலில் குளுக்கோசாக உடைகின்றன. ஒட்சிசன் இல்லாத இடத்தில் குளுக்கோசை முழுவதும் எரிக்க இயலாது. ஆகவே நுண்ணுயிர்கள் அதைக் குறுகிய கொழுப்பமிலங்களாக நொதிக்கின்றன. அவற்றுள் மூன்று முதன்மையானவை: அசற்றிக்கமிலம், புரோப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம். இவை அசையிரைப்பையின் சுவர் வழியே குருதியில் கலந்து ஆட்டுக்கு ஆற்றல் தருகின்றன. ஆடு உண்மையில் புல்லால் வாழ்வதைவிட இவ்வமிலங்களால் வாழ்கிறது எனலாம்.

மூன்று அமிலங்களும் ஐதரசன் கணக்கில் ஒரே தன்மையின அல்ல. குளுக்கோசு மூலக்கூறு ஒன்று இரண்டு அசற்றிக்கமில மூலக்கூறுகளாகும்போது நான்கு ஐதரசன் மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன. பியூற்றிரிக்கமிலம் ஒன்றாகும்போது இரண்டு வெளிப்படுகின்றன. புரோப்பியோனிக்கமிலம் இரண்டாகும்போதோ ஐதரசன் வெளிப்படுவதற்கு மாறாக இரண்டு செலவாகின்றன. அதாவது அசற்றிக்கமிலமும் பியூற்றிரிக்கமிலமும் வரவு, புரோப்பியோனிக்கமிலம் செலவு. மிஞ்சும் ஐதரசனை ஆர்க்கியாக்கள் எடுத்து, நான்கு ஐதரசன் மூலக்கூறுகளுக்கு ஒரு காபனீரொட்சைட்டு என்ற விகிதத்தில் சேர்த்து, மெதேனும் நீருமாக்குகின்றன.

இதை ஓர் எண்ணால் தெளிவாக்கலாம். நூறு பங்கு அமிலத்தில் அசற்றிக்கமிலம் 65, புரோப்பியோனிக்கமிலம் 20, பியூற்றிரிக்கமிலம் 15 எனக் கொள்வோம். முரட்டுத் தீவனம் தின்னும் ஆட்டில் காணக்கூடிய விகிதம் இது. அசற்றிக்கமிலத்தால் 130, பியூற்றிரிக்கமிலத்தால் 30 என ஐதரசன் வரவு 160. புரோப்பியோனிக்கமிலத்தால் செலவு 20. மீதி 140, அதை நான்கால் வகுக்க மெதேன் 35. இப்போது விகிதம் 55, 30, 15 என மாறட்டும். வரவு 140, செலவு 30, மீதி 110, மெதேன் 27.5. பத்துப் பங்கு அமிலம் ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்ததால் மெதேன் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துவிட்டது. நுண்ணுயிர் எதையும் கொல்லவில்லை. ஐதரசனுக்கு வேறொரு வாயில் திறந்தது, அவ்வளவே. இவ்வகை ஈடுகணக்கை 1960 இல் வோலின் வகுத்தளித்தார். நுண்ணுயிர்களின் வளர்ச்சிக்குச் செல்லும் ஐதரசனை இது கருதாததால் விடை சற்று மிகைப்படும். ஆயினும் திசையைச் சரியாகக் காட்டும்.

ஆர்க்கியாக்களை முற்றாக ஒழித்துவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். ஐதரசன் உள்ளே தேங்கினால் அதை வெளிவிடும் பற்றீரியாக்களின் நொதித்தல் தடைப்படும். நார் செரிப்பது குறையலாம். ஐதரசனை அகற்றும் ஆர்க்கியாக்கள் அவ்வகையில் ஊரின் வடிகாலைத் துப்புரவாக வைத்திருப்பவை. ஓர் உயிர் விடும் ஐதரசனை மற்றோர் உயிர் எடுத்து வாழும் இவ்வுறவு, ஒரே உயிரென எண்ணப்பட்ட ஒரு வளர்ப்பு உண்மையில் இரண்டு உயிர்களின் கூட்டு என்று 1967 இல் கண்டறியப்பட்டபோதே தெளிவாகப் புலப்பட்டது.

சாண எரிவாயுக் கலத்திலும் இதே வேதியல் நடைபெறுகிறது. ஆனால் அங்கு மெதேன் மிக அதிகம். காரணம் காலம். கலத்தில் சாணக் கரைசல் பல வாரங்கள் தங்குவதால் அசற்றிக்கமிலத்தையே மெதேனாக்கும் மெதுவான ஆர்க்கியாக்கள் பெருகுகின்றன. அசையிரைப்பையில் உணவு ஓரிரு நாட்களில் கடந்துவிடும். அதற்குள் அவை பெருக இயலாது. அசற்றிக்கமிலம் ஆட்டுக்கு உணவாக எஞ்சுவது இவ்வேகத்தால்தான்.

இழப்பின் அளவையும் பார்க்கலாம். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளிடைக் குழுவின் 2006 ஆம் ஆண்டு வழிகாட்டி, வளர்ந்த நாடுகளின் செம்மறியாடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 8 கிலோகிராம் மெதேன் எனவும், வளரும் நாடுகளின் ஆட்டுக்கு 5 கிலோகிராம் எனவும் பொதுக் காரணிகளைத் தருகிறது. 8 கிலோகிராம் என்பது நாளுக்கு ஏறக்குறைய 22 கிராம். கனவளவில் 30 இலீற்றர். அதிலுள்ள ஆற்றல் 1.2 மெகாயூல். நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் உலர்தீவனம் தின்னும் ஆடு பெறும் மொத்த ஆற்றல் 18 மெகாயூலை ஒட்டியது. ஆக, உணவின் ஆற்றலில் பதினைந்தில் ஒரு பங்கு ஏப்பமாகிப் போகிறது. மெதேன் ஆய்வு முதலில் காலநிலைக்காகத் தோன்றவில்லை. தீவனத்தின் இவ்வீணை அளக்கவே தோன்றியது.

4. வயிற்றைக் குடுவைக்குள் அமைத்தல்

நூறு தீவனங்களை நூறு ஆடுகளில் சோதிப்பது செலவும் காலமும் மிகுந்த செயல். ஆகவே வயிற்றின் சூழலைக் கண்ணாடிக்குள் உருவாக்கும் முறைகள் தோன்றின. முதற்படியாக 1948 இல் மக்டுகல் செம்மறியாட்டு உமிழ்நீரின் உப்புகளை ஆராய்ந்து செயற்கை உமிழ்நீருக்கான கலவையை அளித்தார். அது இன்றும் புழக்கத்தில் உள்ளது. 1963 இல் இங்கிலாந்தில் ரில்லியும் ரெரியும் வகுத்த முறையில், தீவனத்தை 48 மணிநேரம் ஆட்டின் அசையிரைப்பை நீர்மத்திலும் அடுத்த 48 மணிநேரம் பெப்சினும் அமிலமும் கலந்த கரைசலிலும் வைத்துச் செரிமானம் அளக்கப்பட்டது. 1979 இல் யேர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மென்கே குழுவினர் செரித்த பொருளை விட்டு, வெளிவரும் வாயுவை அளக்கலாயினர். ஸ்கொத்லாந்தில் 1977 இல் சேர்காவ்ஸ்கியும் பிரெக்கன்ரிட்ஜும் அமைத்த 'ருசிற்றெக்' என்னும் கருவியில் தீவனம் நைலோன் பைகளில் இடப்பட்டு, செயற்கை உமிழ்நீர் இடையறாது பாய்ச்சப்படும். நுண்ணுயிர்க் குமுகத்தை வாரக்கணக்கில் பேணி வைக்க அது உதவுகிறது.

ஹோகன்ஹைம் முறையின் நடைமுறை எளிது, ஒழுங்கு கடுமையானது. அரைத்த தீவனம் 200 மில்லிகிராம் ஒரு பெரிய கண்ணாடி ஊசிக்குழலில் இடப்படும். காலையில் தீவனம் இடுமுன், வயிற்றில் நிலையான துளைக்குழாய் பொருத்திய ஆடுகளிலிருந்து நீர்மம் எடுக்கப்படும். அதை முன்னரே சூடாக்கிய குடுவையில் ஏந்தி, மெல்லிய துணியில் வடித்து, காபனீரொட்சைட்டு பாய்ச்சியவாறே உமிழ்நீர்க் கரைசலுடன் ஒன்றுக்கு இரண்டு விகிதத்தில் கலப்பர். காற்றுப் புகுந்தால் உள்ளிருக்கும் உயிர்கள் மடியும். அதைக் காட்டிக்கொடுக்க ரெசசூரின் என்னும் சாயம் சேர்க்கப்படும். கரைசல் இளஞ்சிவப்பாக இருந்தால் ஒட்சிசன் உள்ளது. நிறம் மறைந்தால் இல்லை. ஒவ்வொரு குழலிலும் 30 மில்லிலீற்றர் கலவை இட்டு, 39 பாகையில் 24 மணிநேரம் வைப்பர். வாயு பெருகப் பெருக உலக்கை வெளியே தள்ளப்படும்; அதன் அளவைக் கோடுகளில் வாசித்து, மாதிரியை வாயு நிறச்சாரல் பிரிப்புக் கருவியில் செலுத்தி மெதேனைப் பிரித்தறிவர். தீவனமே இடாத குழல்களும், ஏற்கெனவே அறிந்த தரமான உலர்புல் இட்ட குழல்களும் உடன் வைக்கப்படும். முன்னது நீர்மம் தானே விடும் வாயுவைக் கழிக்க. பின்னது அன்றைய நீர்மம் வழக்கம்போல் இயங்குகிறதா என்றறிய.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. குழலில் சேரும் காபனீரொட்சைட்டு முழுவதும் நொதித்தலில் பிறந்ததன்று. உண்டான அமிலம் உமிழ்நீர்க் கரைசலின் இருகாபனேற்றைத் தாக்குவதாலும் ஒரு பகுதி எழுகிறது. ஆகவே "வாயுவில் மெதேன் இத்தனை விழுக்காடு" என்ற கூற்று கரைசலின் அமைப்பைப் பொறுத்து மாறும். ஒப்பிடத்தக்கது செரித்த தீவனத்தின் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிலீற்றர் மெதேன் என்ற அளவே.

5. குடுவையின் எண்ணிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

முதற் கேள்வி: மெதேன் மட்டும் குறைந்ததா, செரிமானமே குறைந்ததா? விளக்கத்துக்காக இரு குழல்களைக் கற்பனை செய்வோம். முதலாவதில் 200 மில்லிகிராமில் 140 செரித்து 5.6 மில்லிலீற்றர் மெதேன் வந்தது. இரண்டாவதில் ஒரு மூலிகை சேர்த்தபோது 90 மட்டும் செரித்து 3.6 மில்லிலீற்றர் வந்தது. "மெதேன் 36 விழுக்காடு குறைந்தது" என்று எழுதலாம், எழுதியது பொய்யன்று. ஆனால் செரித்த கிராம் ஒன்றுக்கு இரண்டிலும் 40 மில்லிலீற்றரே. மூலிகை மெதேனைக் குறைக்கவில்லை. ஆட்டின் உணவைக் கெடுத்தது. அந்த ஆடு அதே எடையை அடைய அதிக நாள் மேயவேண்டும். அந்நாட்களிலும் மெதேன் விடும். தனின் மிகுந்த தழைகள் பற்றிய ஆய்வுகளில் இவ்வேறுபாடு மிக முக்கியம். தனின் புரதத்தோடும் நாரோடும் பிணைந்து செரிமானத்தைத் தடுக்க வல்லது. விளைவு தனினாலானதா என்றறியவும் ஒரு வழி உண்டு: தனினைப் பற்றிக்கொள்ளும் பொலியெதிலீன் கிளைக்கோலை இணைக் குழலில் சேர்த்துப் பார்ப்பது. அதைச் சேர்த்ததும் வாயு மீண்டும் பெருகினால் தடுத்தது தனினே.

இரண்டாம் கேள்வி: யாருடைய நீர்மம்? ஒரே இலை இரு நாட்டு வயிறுகளில் இரு விடை தரும் என்பதற்குச் சூபாபுல் வரலாறு தக்க சான்று. தமிழ்நாட்டில் சவுண்டல் என்றும் இலங்கையில் இபில் இபில் என்றும் அறியப்படும் இம்மரத்தின் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அவுஸ்திரேலியாவில் இதைத் தின்ற மாடுகளுக்கு முடி உதிர்ந்தது. தைரொயிட்டுச் சுரப்பி வீங்கியது. ஹவாயின் ஆடுகளோ தீங்கின்றி மேய்ந்தன. சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ரேமண்ட் ஜோன்ஸ், வேறுபாடு இலையில் இல்லை, அசையிரைப்பைப் பற்றீரியாவில் உள்ளது என்று கருதி, ஹவாய் ஆட்டின் நுண்ணுயிர்களை அவுஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றிக் காட்டினார். அவையும் இலையைத் தாங்கின. நச்சை உடைக்கும் பற்றீரியா ஒன்றுக்கு 1992 இல் அவர் நினைவாகவே 'சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை' எனப் பெயரிடப்பட்டது. மெல்பேர்ணிலோ பெங்களூரிலோ ஓர் ஆட்டிடமிருந்து எடுத்த நீர்மத்தின் விடையை எல்லா ஆட்டுக்கும் உரியதாகக் கொள்ளலாகாது என்பதே இதன் பாடம். ஒரே நாளில் ஒரே நீர்மத்தில் வைத்த பத்துக் குழல்கள் பத்துச் சான்றுகள் ஆகா. அவை ஒரே சான்றின் பத்துப் படிகள். வேறுவேறு நாளில், வேறுவேறு ஆட்டின் நீர்மத்தில் திரும்பச் செய்த ஓட்டங்களே எண்ணிக்கையில் சேரும்.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு காலம்? அஸ்பராகொப்சிஸ் என்னும் செங்கடற்பாசியின் ஆய்வு இதைத் தெளிவாக்கும். அதிலுள்ள புரோமோபோம், மெதேனாக்கத்தின் இறுதிப் படிகளில் விற்றமின் பி12 வகைத் துணைக்காரணியைப் பற்றித் தடைசெய்கிறது. குடுவையில், தீவனத்தின் சேதனப் பொருளில் 2 விழுக்காடு சேர்த்தபோது மெதேன் ஏறத்தாழ முற்றாக நின்றது. பின்னர் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர் பங்கேற்க, செம்மறியாடுகளுக்கு 72 நாட்கள் கொடுத்தபோது, 3 விழுக்காட்டு அளவில் குறைவு 80 விழுக்காடு வரை எட்டியது. குடுவையும் ஆடும் ஒரே திசையைக் காட்டின, அளவு ஒத்துவரவில்லை. மேலும், சில ஆடுகளின் அசையிரைப்பை உட்சுவரில் தடிப்பும் மாற்றங்களும் காணப்பட்டன. உட்சுவர் இல்லாத கண்ணாடிக் குழல் இதைச் சொல்லவே முடியாது.

இம்மூன்றின் பின்னே மையக் கேள்வி நிற்கிறது: ஐதரசன் எங்கே? மெதேனாக்கத்தின் இறுதி நொதியத்தைத் தடுக்கும் 3-நைத்திரொக்சிபுரொப்பனோல் என்னும் சேர்மம் பாற்பசுக்களில் மெதேனை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைத்தது 2015 இல் வெளியான ஆய்வொன்றில் பதிவானது. இவ்வாறு வாயிலை அடைக்கும்போது ஐதரசனின் ஒரு பகுதி வாயுவாகவே ஏப்பத்தில் வெளியேறுகிறது. காலநிலைக்கு அது நன்மை. ஆட்டுக்கு அதனால் வரவில்லை. அது புரோப்பியோனிக்கமிலமாக மாறினால் மட்டுமே இழந்த ஆற்றல் உடலுக்குத் திரும்பும். ஆகவே நல்ல ஆய்வறிக்கை மெதேனோடு ஐதரசனையும் மூன்று அமிலங்களின் விகிதத்தையும் ஒருங்கே தரும். மெதேனை மட்டும் தரும் அறிக்கை, செலவு எழுதி வரவு எழுதாத கணக்கேடு போன்றது.

6. முழு விலங்கில் அளத்தல்

கால்நடை மெதேன் பின்வழியே வெளியேறுகிறது என்ற பரவலான எண்ணம் பிழையானது. நியூ சவுத் வேல்சின் ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலண்ட் பல்கலைக்கழகத்தில் மறே, பிரையன்ற், லெங் ஆகியோர் செம்மறியாடுகளில் நடத்தி 1976 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தீர்த்துவைத்தது. மெதேனில் 87 விழுக்காடு அசையிரைப்பையிலும் 13 விழுக்காடு பின்குடலிலும் உண்டாயிற்று. பின்குடலில் உண்டானதிலும் பெரும்பகுதி குருதியில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளிவந்தது. கூட்டிப் பார்த்தால், பின்வழி வெளியேறுவது நூற்றுக்கு ஒன்றிரண்டே.

எனவே அளவீட்டுக் கருவிகள் வாயையும் மூக்கையும் நோக்கியே அமைகின்றன. காற்றோட்டம் கட்டுப்படுத்தப்பட்ட மூச்சறையில் ஆட்டை அடைத்து, உட்செல்லும் காற்றையும் வெளிவரும் காற்றையும் ஒப்பிடுவது மிகத் துல்லியமான முறை. மேயும் ஆட்டுக்கு அது பொருந்தாது. அதற்காக 1994 இல் வெளியான முறையில், கந்தக அறுபுளோரைட்டை மெல்லக் கசியவிடும் சிறு குழாயை வயிற்றில் இட்டு, மூக்கருகே சேரும் காற்றில் அதற்கும் மெதேனுக்கும் உள்ள விகிதத்தைக் காண்பர். இவற்றால் ஒரு புதிய செய்தியும் தெரியவந்தது: ஒரே தீவனம் தின்னும் ஆடுகளிடையே மெதேன் அளவு வேறுபடுகிறது, அவ்வேறுபாட்டின் ஒரு பகுதி பரம்பரையாக இறங்குகிறது. குறைந்த மெதேன் விடும் ஆடுகளின் அசையிரைப்பை சிறியது. உணவு அங்கே தங்கும் நேரமும் குறைவு என 2014 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நியூசிலாந்தில் இவ்வடிப்படையில் குறைந்த மெதேன் ஆட்டு வழிகள் தெரிந்தெடுத்து வளர்க்கப்படுகின்றன. கலக்கப்பட்ட நீர்மத்தையே வைத்துக்கொண்டு குடுவை இதைக் கண்டிருக்க முடியாது. உணவு கடந்துபோகும் வேகம் விலங்கின் உடலுக்குரியது.

7. தமிழ் நிலத்து மேய்ச்சலுக்கு

எலின்பாங்க் நிலையத்தில் திராட்சைமது பிழிந்த சக்கையைப் பாற்பசுக்களுக்குக் கொடுத்தபோது மெதேன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சக்கையிலுள்ள தனினும் கொழுப்பும் அதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. விக்டோரியாவுக்குத் திராட்சைச் சக்கை எப்படியோ, தமிழ் நிலத்துக்குப் புளியங்கொட்டைத் தோலும் வேலங்காயும் அப்படி. பெங்களூரில் உள்ள தேசிய விலங்கு ஊட்டவியல் மற்றும் உடற்செயலியல் நிறுவனம் தனின் மிகுந்த தாவரப் பொருள்களைக் கொண்டு 'ஹரித் தாரா' என்னும் சேர்க்கையை உருவாக்கி, அது மாடுகளில் 17 முதல் 20 விழுக்காடு வரை மெதேனைக் குறைப்பதாக அறிவித்துள்ளது.

தமிழ்நாட்டில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 45 இலட்சம் செம்மறியாடுகள் உள்ளன. மேற்சொன்ன 5 கிலோகிராம் பொதுக்காரணியைப் பெருக்கினால் ஆண்டுக்கு 2 கோடியே 25 இலட்சம் கிலோகிராம் மெதேன் என்ற தோராய எண் கிடைக்கும். இவ்வெண் மேச்சேரி ஆட்டையும் சென்னைச் சிவப்பையும் கீழக்கரிசலையும் நீலகிரி ஆட்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது. கொங்குநாட்டுக் கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், கோடையில் வெள்வேலின் நெற்றும் தின்று வளரும் ஆட்டையும், அறுவடை முடிந்த வயலின் தாளை மேயும் கிடையாட்டையும் அது வேறுபடுத்துவதில்லை. நார் மிகுந்த வைக்கோல் அசற்றிக்கமிலத்தைப் பெருக்கும். புரதமும் தனினும் கலந்த நெற்று வேறு விகிதத்தைத் தரலாம். எந்த அளவில் எது மாறும் என்பதை அந்நிலத்து ஆட்டின் நீர்மத்தில், அந்நிலத்துத் தழையை இட்டு, மேற்சொன்ன மூன்று கேள்விகளோடு அளந்தாலே அறியலாம்.

இதில் இடையர் வாழ்வு தங்கியுள்ளது. தலைக்கு இவ்வளவு மெதேன் என்ற கணக்கு ஆட்டுத்தலைகளைக் குறைக்கச் சொல்லும். இறைச்சிக் கிலோகிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு, சாவு குறைந்த, விரைந்து வளரும் மந்தையைக் கேட்கும். வறள்நிலத்தில் கோடைத் தீவனப் பஞ்சம் எடையைத் தேய்க்கிறது. தேய்ந்த ஆடும் நாள்தோறும் மெதேன் விடுகிறது. கோடையில் ஒரு பிடி நல்ல தீவனம் கிடைப்பது ஆட்டுக்காரருக்கும் நன்மை, கிலோகிராமுக்கான மெதேனும் குறையும். விலையுயர்ந்த சேர்க்கையை நாள்தோறும் மந்தைக்குக் கலந்து ஊட்டுவது தொழுவத்துப் பசுவுக்கு இயலும். மேய்ச்சலில் திரியும் கிடைக்கு இயலாது. ஆகவே மேய்ச்சல் தரும் தழையிலும் நெற்றிலும் விடை தேடுவதே இந்நிலத்துக்குப் பொருந்தும்.

முடிவுரை

செம்மறியாட்டின் மெதேன் ஒரு நுண்ணுயிரின் குற்றமன்று. ஒட்சிசனற்ற ஓர் அறையில் புல்லை உணவாக்கும் கூட்டுழைப்பின் மிச்சக் கணக்கு. ஆய்வுகூடக் குடுவை அக்கணக்கின் திசையைக் குறைந்த செலவில், ஒரே நாளில் காட்டுகிறது; பல நூறு தழைகளிலிருந்து சோதிக்கத்தக்க பத்தைப் பிரித்துத் தருகிறது. ஆட்டின் உடலையும் காலத்தையும் மந்தையின் பொருளாதாரத்தையும் அது காட்டாது. செரிமானம் குறைந்ததா, யாருடைய நீர்மம், எத்தனை நாள், ஐதரசன் எங்கே என்ற கேள்விகளோடு வாசிப்பவரை விளம்பர எண்கள் ஏமாற்றுவது அரிது.

இக்கேள்விகள் தமிழிலேயே கேட்கப்படவேண்டும். ஆட்டை மேய்ப்பவரும் தீவனத்தை விற்பவரும் கொள்கையை வகுப்பவரும் ஒரே மொழியில் பேசும் நிலத்தில், அசையிரைப்பைக்கும் அதன் அமிலங்களுக்கும் நிலைத்த சொற்கள் இருந்தால்தான் அவர்களிடையே கணக்கு ஒப்பிடப்படும். தமிழ்நாட்டு, இலங்கை வழக்குகளை இணைத்து, கால்நடை உடலியலுக்கும் நொதித்தலியலுக்கும் ஒரு பொதுக் கலைச்சொல் தொகுதி ஆக்குவது இத்தகைய மாநாடுகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.